கழுகுக்குக் கண்ணாடி

எங்கள் ஊரில் பாதிப் பேர் உலகத்தைப் பார்ப்பது அவர் வழியாகத்தான். கடைவீதியில் மருந்துக்கடையை அடுத்து, ஆறடி அகலத்தில் அவருடைய கண்ணாடிக்கடை. உள்ளே ஒரு நாற்காலி, சுவரில் எழுத்துகள் வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகும் அட்டை, இழுப்பறை நிறையச் சோதனை லென்ஸ்கள். முப்பது வருடமாக அந்த நாற்காலியில் உட்காருகிறவர்களிடம் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “இப்பத் தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துச்சா?” கல்யாணத்துக்கு முன்னாடிதான் எல்லாம் தெளிவாக இருந்தது என்று பதில் சொன்னவர்கள் உண்டு. அவர் சிரிக்க மாட்டார். கண் விஷயத்தில் அவரிடம் விளையாட்டு கிடையாது. இந்தக் கதைக்கு அதுதான் காரணம் என்பது விசித்திரம்.

அடுத்த கதவு அவருடைய மனைவியின் தையல்கடை. நடுச்சுவரில் ஒரு சின்ன ஜன்னல். சுடுதண்ணீர் ஃபிளாஸ்க்கும் சில்லறை விசாரணைகளும் அதன் வழியாகத்தான் போய் வரும்.

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு நாங்கள் பத்துப் பேர் கடைசிப் பேருந்து நிறுத்தத்தில் கூடுவோம். அங்கிருந்து வாய்க்கால் கரையோடு நடந்து, கைவிடப்பட்ட செங்கல் சூளையைத் தாண்டி, அதற்கு அப்பால் இருக்கும் சிறு காட்டுக்குள் ஒரு சுற்று. பார்ப்பதுதான் வேலை. பறிப்பதில்லை, பிடிப்பதில்லை, தின்று பார்ப்பதில்லை. கீரி, மீன்கொத்தி, பாம்புச் சட்டை, ஆந்தை கக்கிப் போட்ட ரோமமும் எலும்புமான உருண்டை, மழைக்கு மறுநாள் மட்கிய மரத்தில் காது காதாக முளைத்த காளான், தொட்டால் புகை கக்கும் உருண்டைக் காளான், எது கண்ணில் பட்டாலும் பதிவேட்டில் ஏறும். பதிவேடு நூலகர் அம்மாவின் பொறுப்பு. நாள், இடம், கண்டது, முதலில் கண்டவர், உடன் கண்டவர் என்று அதில் ஐந்து பத்திகள். ஐந்தாவது பத்தியில் கையெழுத்து விழாவிட்டால் நாலாவது செல்லாது. ஒருவர் கண் பொய் சொல்லலாம், இரண்டு பேர் கண் சொல்லாது என்பது எங்கள் நம்பிக்கை.

காளானுக்கு மட்டும் கூடுதலாக ஒரு சட்டம். இரண்டு பேருக்கு மேல் கிட்டே போகக் கூடாது. ஒரு வருடம் பத்துப் பேரும் ஒரு சாதாரணக் காளானைச் சூழ்ந்து நின்று வியந்துவிட்டு, திரும்பும்போதுதான் தெரிந்தது, அதைவிட அரியது ஒன்றின் மேல் நின்றுகொண்டுதான் வியந்திருக்கிறோம் என்று. அன்றிலிருந்து கண்டவர் ஒருவர், சாட்சி ஒருவர், மற்றவர்கள் பாதையிலேயே நிற்க வேண்டும்.

நாலாவது பத்தியைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே பெயர்தான்: கழுகு. நாற்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்க முடியாமல் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அறுபத்து மூன்று வயதிலும் வாய்க்காலின் அக்கரையில் அசையாமல் இருக்கும் கீரியைக் காட்டிக் கொடுப்பார். “எப்படிண்ணே?” என்றால், “நாப்பது வருஷம் ரோட்டுல யாரு எப்பக் குறுக்க வருவான்னு பார்த்த கண்ணு இது. கீரி என்ன, அதோட அப்பனே வந்தாலும் தெரியும்” என்பார்.

கண்ணாடிக்காரரும் இருபத்திரண்டு வருடமாக வருகிறார். ஒரு நடைகூடத் தவறவிட்டதில்லை. ஐந்தாவது பத்தியில் அவர் கையெழுத்து நூற்றுக்கணக்கில் இருக்கும். நாலாவதில் ஒன்றே ஒன்று, ஒரு நத்தை. அதுவும் காலி ஓடு என்று பிறகு தெரிந்து நூலகர் அம்மா அடித்துவிட்டார். ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிறவர் எதையும் பார்ப்பதற்குக் கழுகின் ஆள்காட்டி விரல் வேண்டியிருந்தது. “தம்பி, கிளை பிரியற இடத்துல பாருங்க. அங்க இல்ல. அது இலை. ஆ, இப்பப் பறந்துடுச்சு.” இது எங்கள் நடையின் பல்லவி. எல்லோரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார். கண் விஷயத்தில் அவர் சிரித்த ஒரே இடம் அது. அந்தச் சிரிப்பை நாங்கள் யாரும் சரியாகப் பார்த்ததில்லை.

எங்கள் கையேட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு காளான் படம் உண்டு. அப்படி ஒரு நீலத்தை மண் உண்டாக்கும் என்று நம்புவது கஷ்டம். எங்கள் பக்கத்தில் யாரும் கண்டதில்லை. காட்டுக்குள் நுழையும்போதெல்லாம் யாராவது ஒருவர் “இன்னைக்கு நாப்பத்தொண்ணு கிடைக்கும்” என்று சொல்லிக்கொள்வது வழக்கம்.

மூன்று நாள் மழைக்குப் பிறகு வந்த ஞாயிறு அது. வேர்கள் வழுக்கின. கண்ணாடிக்காரர் அன்று எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தார். விழுந்து கிடந்த ஒரு பெருமரத்தின் மறுபக்கம், பாசிக்கு நடுவே, பளீரென்று ஒரு நீலம். வயிற்றிலிருந்து கத்தினார்:

“நாப்பத்தொண்ணு! நாப்பத்தொண்ணு!”

இருபத்திரண்டு வருடத்தில் அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நாங்கள் கேட்டதில்லை. எல்லோரும் ஓடினோம். நூலகர் அம்மா பதிவேட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, “நில்லுங்க! ரெண்டு பேருதான்! கழுகு அண்ணன் மட்டும் போங்க!” என்று எங்களைப் பாதையிலேயே மறித்தார்.

கழுகு வந்து சேர அரை நிமிடம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிடத்தில் கண்ணாடிக்காரர் குனிந்து பார்த்தார். அது பாட்டில் மூடி, யாரோ தண்ணீர் குடித்துவிட்டு எறிந்த பிளாஸ்டிக் மூடி.

அப்போதே எழுந்து “அட, மூடிங்க” என்று சொல்லியிருந்தால் ஒரு வருடத்துக்குக் கேலி செய்திருப்போம், அவ்வளவுதான். ஆனால் பின்னால் காலடிகள் ஓடிவந்துகொண்டிருந்தன. அத்தனை காலடிகள் இதுவரை அவருக்காக ஓடிவந்ததில்லை. கை தானாகப் போய் மூடியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டது. கத்தியது உண்மைதான், பொய் அந்தக் கையில்தான் தொடங்கியது.

“எங்க தம்பி?” என்றார் கழுகு, மூச்சிரைக்க.

“அதோ. பாசிக்குக் கீழ.”

“எந்தப் பாசி?”

“அந்த வேருக்கு இடப்பக்கம். சின்னதா இருக்கு.”

கழுகு மண்டியிட்டார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்தார். கண்ணாடிக்காரருக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான் இருந்தது: “ஒண்ணுமில்லையே” என்று இந்த மனிதர் சொல்லிவிட வேண்டும். சொல்லியிருந்தால் “அழுகிப் போச்சு போல” என்று முடித்துவிடலாம். கழுகு முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

“ஆமா,” என்றார். “தெரியுது.”

பதிவேடு வந்தது. முதலில் கண்டவர்: கண்ணாடிக்காரர். உடன் கண்டவர் என்ற இடத்தில் கழுகு கையெழுத்துப் போட்டார். வழக்கமாக ஸ்டியரிங்கைத் திருப்புவது போலச் சுழற்றிப் போடுகிறவர், அன்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டிப் போட்டார். பாதையில் நின்ற நாங்கள் கைதட்டினோம். நானும் தட்டினேன். மறுநாள் நூலகத்து அறிவிப்புப் பலகையில் பச்சை மையில் எழுதியிருந்தது: நம் பகுதியில் முதன்முறையாக. கீழே இரண்டு பெயர்கள்.

அதே திங்கட்கிழமை, கடை திறந்த பத்தாவது நிமிடத்தில் கழுகு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தக் கடைக்குள் அவர் அதுவரை வந்தது கேலி பேசுவதற்கு மட்டும்தான்.

“என் கண்ணைப் பாருங்க தம்பி.”

“உங்க கண்ணுக்கு என்னண்ணே?”

“பாருங்க. சொல்றேன்.”

கண்ணாடிக்காரர் அட்டையின் விளக்கைப் போட்டார். கழுகு மேலிருந்து கடைசி வரி வரை நிறுத்தாமல் வாசித்தார். “அதுக்குக் கீழ பொடி எழுத்துல அச்சகத்தோட விலாசம் இருக்கு. அதையும் வாசிக்கவா?” என்று கேட்டு, அதையும் வாசித்தார். அச்சகத்தின் விலாசம் அங்கே இருப்பது முப்பது வருடமாகக் கடைக்காரருக்கே தெரியாது. கிட்டப் பார்வைக்கான அட்டையைக் கொடுத்தார். அந்த வயதுக்கு நம்ப முடியாத அளவுக்கு அதுவும் சரியாக இருந்தது. இப்படி ஒரு ஜோடிக் கண்ணை அந்த நாற்காலி கண்டதே இல்லை.

“நல்லா இருக்கா?” என்றார் கழுகு.

கண்ணாடிக்காரர் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நல்லா இருந்தா, ஒண்ணு சொல்லுங்க,” கழுகின் குரல் தணிந்தது. “அந்தக் காளான் எனக்கு ஏன் தெரியல?”

“தெரியுதுன்னீங்களே.”

“சொன்னேன். தெரியல. நீங்க கண்ணு பார்க்கிறவரு. உங்களுக்குத் தெரியறது எனக்குத் தெரியலன்னா, கோளாறு யாரு கண்ணுல?”

நியாயமான கேள்வி. அதற்கு இரண்டு பதில்தான் இருந்தது. ஒன்று, உங்கள் கண்ணில் கோளாறு. இன்னொன்று, காளானே இல்லை. கண்ணாடிக்காரர் முதலாவதைத் தேர்ந்தெடுத்தார்.

“லேசா... நிழல்ல இருக்கிறது தெரிய மாட்டேங்குதுண்ணே. வயசுதான். ஒரு சின்ன பவர் போட்டா சரியாகிடும்.”

“அப்படியா,” என்றார் கழுகு. நோய்க்குப் பெயர் கிடைத்தவர் மாதிரி அவர் முகத்தில் ஒரு நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதிதான் தன்னை அறைந்தது என்று கண்ணாடிக்காரர் பிற்பாடு சொன்னார்.

இருப்பதிலேயே குறைந்த பவரில் ஒரு கண்ணாடி தயாரானது. போட்டாலும் ஒன்றுதான், கழற்றினாலும் ஒன்றுதான், கெடுதல் கிடையாது என்று அவர் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். கெடுதல் லென்ஸ் வழியாக மட்டும்தான் வரும் என்று முப்பது வருடத் தொழில் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது.

அடுத்த நடையில் கழுகு கண்ணாடியோடு வந்தார். கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். “கழுகுக்கே கண்ணாடியா!” என்று யாரோ சொல்ல, சிரித்தோம். முன்னால் போகிறவர் பின்னால் வந்தார். வாய்க்கால் கரையில் ஒரு மீன்கொத்தி எங்கள் எல்லோருக்கும் தெரியும்படி நட்டநடுக் கம்பியில் உட்கார்ந்திருந்தது. அவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அன்றைய பக்கத்தில் நாலாவது பத்தியில் கழுகு என்ற பெயர் ஒரு இடத்திலும் இல்லை. அதற்கு அடுத்த நடைக்கு அவர் வரவேயில்லை. அவர் இல்லாத காட்டில் நாங்கள் கண்டது எறும்பும் ஒருவர் முதுகை ஒருவரும்தான்.

சுவர் ஜன்னல் வழியாக ஒரு மாலை தையல்கடை பேசியது.

“என்னங்க, கழுகு அண்ணன் வேனை விட்டுட்டாராமே?”

“யாரு சொன்னா?”

“அவரு மருமக ரவிக்கை அளவு கொடுக்க வந்தா. ‘பிள்ளைங்க உயிரு, கண்ணு சரியில்லாதவன் வண்டியைத் தொடக் கூடாது’ன்னு சாவியைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்துல வச்சுட்டாராம். நல்லா பொருத்தினீங்க போங்க கண்ணாடி.”

அவர் அட்டையின் விளக்கை அணைத்தார். தையல் இயந்திரமும் நின்றது. அந்த அம்மாவுக்குத் துணியில் இழை விலகினால் விரலில் தெரியும், கணவன் பேச்சில் விலகினால் காதில் தெரியும். மறுநாள் அவர் இல்லாத நேரத்தில் கத்தரிக்கோல் தேடி அவர் இழுப்பறையைத் திறந்திருக்கிறார். லென்ஸ் துடைக்கும் மெல்லிய துணியில் நகை மாதிரி சுற்றி வைத்த ஒன்று கிடைத்தது.

“இது எந்த பாட்டிலோடது?” சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் மூடியை வைத்தார்.

அவர் சொன்னார். கத்தியதிலிருந்து கண்ணாடி வரை, ஒன்றையும் குறைக்காமல். அந்த அம்மா முதலில் சிரித்தார். “நாப்பத்தொண்ணு! ஐயோ!” என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர், கழுகு நாற்காலியில் உட்கார்ந்த இடம் வந்ததும் நிறுத்தினார்.

“அவரு கண்ணு நல்லா இருக்குன்னு தெரிஞ்சே போட்டீங்களா?”

“ம்.”

“பொய்ப் பல்லு கட்டுறவன்கூட நல்ல பல்லைப் பிடுங்க மாட்டான்.” தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். “சோறு ஆறுதேன்னு உட்கார வேணாம். போங்க. மூடியை எடுத்துக்கிட்டுப் போங்க.”

கழுகின் வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு வானொலி, ஓய்வு பெற்ற நாளில் நண்பர்கள் கொடுத்த பழைய பேருந்து ஹாரன். மதிய வெயில் தரையில் சதுரமாகக் கிடந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு செய்தித்தாளை எட்டப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“வாங்க தம்பி. கண்ணாடி நல்லா இருக்கு,” என்றார். விருந்தாளியின் மனம் கோணக் கூடாது என்கிற தொனி. “தலைதான் கொஞ்சம் பாரமா இருக்கு. பழகிடும்னு நீங்கதான் சொன்னீங்களே.”

கண்ணாடிக்காரர் மூடியை மேசைமேல் வைத்தார்.

“என்ன இது?”

“நாப்பத்தொண்ணுண்ணே.”

கழுகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். நன்றாகப் பார்க்க வேண்டும் என்றால் கை தானாகக் கண்ணாடியைக் கழற்றியது.

“மூடி.”

“அன்னைக்கும் மூடிதான். நீங்க வர்றதுக்குள்ள எடுத்துப் பைக்குள்ள போட்டுட்டேன்.”

“அப்ப அந்தப் பாசிக்குக் கீழ?”

“ஒண்ணுமில்லண்ணே.”

“ஒண்ணுமே இல்ல?”

“இல்ல.”

“ஒண்ணுமே இல்லன்னுதான் எனக்கும் தெரிஞ்சுது,” என்றார் கழுகு, மெதுவாக. சற்று நேரம் மூடியை விரலால் சுழற்றிக்கொண்டிருந்தார். “பார்க்காததுக்குக் கையெழுத்துப் போட்டுட்டோமேன்னு எனக்கு ஒன்றரை மாசமாச் சோறு இறங்கல. நூலகத்துப் பக்கமே போகல. அந்தப் பலகைல என் பேரு இருக்கு. திருடன் நான்தான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

இதைக் கண்ணாடிக்காரர் எதிர்பார்க்கவில்லை. தன் குற்றத்தில் பாதியை இந்த மனிதர் கேட்காமலே சுமந்திருக்கிறார். பாரத்தைப் பங்கு போட்டால் குறையும் என்பார்கள். இது இரண்டு பேரிடமும் முழுசாக இருந்திருக்கிறது.

“என்னை மன்னிச்சிடுங்கண்ணே.”

“இருங்க. அன்னைக்கு நாற்காலியில உட்கார வச்சுப் பார்த்தீங்களே. கண்ணு நல்லா இருக்குன்னு அப்பவே தெரியுமா?”

அந்த இடத்தில் ஒரு சின்னப் பொய் போதும். குழப்பமாக இருந்தது, சரியாகத் தெரியவில்லை என்று சொன்னால் முடிந்தது. கேட்டவரும் நம்பத் தயாராகத்தான் இருந்தார்.

“தெரியும்.”

கழுகு தலையை ஆட்டிக்கொண்டார்.

“காளான் கெடக்குது விடுங்க. இருபது வருஷம் எங்க கேலியைக் கேட்டீங்க, ஒரு நாள் ஆசைப்பட்டீங்க. தப்பு எங்க மேலயும் இருக்கு. ஆனா அந்த நாற்காலி, தம்பி...” உள்ளே திரும்பி மருமகளிடம், “அம்மா, ரெண்டு டீ” என்றார்.

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். டீயை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கண்ணாடிக்காரர் அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். கிளம்பும்போது கழுகு கண்ணாடியை மடித்து, கயிற்றைச் சுற்றி, அவர் கையில் கொடுத்தார்.

எங்கள் பதிவேட்டில் எதையும் கிழிப்பதில்லை. ஒரு கோடு போட்டு அடித்து, கீழே சரியானதை எழுத வேண்டும். அடுத்த ஞாயிறு, கடைசிப் பேருந்து நிறுத்தத்தில் எங்கள் எல்லோர் முன்னாலும் கண்ணாடிக்காரர் நடந்ததைச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அவர் நத்தையைப் பார்த்த அன்று அத்தனை சிரித்தவர்கள் நாங்கள். நூலகர் அம்மா பேனாவைத் திறந்தார்.

“கண்டது என்னன்னு எழுதட்டும்?”

“பாட்டில் மூடி. நீலம். பிளாஸ்டிக்.”

“முதலில் கண்டவர்?”

“நான்தாம்மா.”

“உடன் கண்டவர்?”

கழுகு கையை நீட்டிப் பேனாவை வாங்கினார். இந்த முறை சுழற்றிப் போட்டார். இப்படியாக, இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு நாலாவது பத்தியில் கண்ணாடிக்காரர் பெயர் செல்லுபடியாக ஏறியது. பலகையிலிருந்து பச்சை மைத் தாளும் இறங்கியது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் அதற்குள் வேறு ஓட்டுநரை வைத்துவிட்டார்கள். அவர் விடுப்பு எடுக்கும் நாளில் மட்டும் கழுகைக் கூப்பிடுகிறார்கள். கண்ணாடிக்காரர் கடையில் இப்போது யார் வந்தாலும் இரண்டு முறை சோதிக்கிறார். தேவையில்லை என்றால் “உங்க கண்ணு நல்லா இருக்கு, போயிட்டு வாங்க” என்று கொஞ்சம் அதிகமாகவே சத்தமாகச் சொல்கிறார், ஜன்னலுக்கு அந்தப் பக்கமும் கேட்க வேண்டும் என்பது போல.

கழுகு மறுபடி முன்னால் நடக்கிறார். கண்ணும் பழைய கண்தான். சென்ற வாரம் சூளைக்குப் பக்கத்தில் சட்டென்று நின்று கையை நீட்டினார்.

“மரங்கொத்தி.” பிறகு, “மரங்கொத்திதானே?” என்றார்.

அந்தக் கடைசிச் சொல் முன்பு அவரிடம் கிடையாது. கண்ணாடிக்காரர் பார்த்தார். வழக்கம்போல அவருக்கு இலை மட்டும்தான் தெரிந்தது. ஆமாம் என்று சொல்ல நாக்கு எவ்வளவு துடித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

“எனக்குத் தெரியலண்ணே,” என்றார்.

“உங்களுக்குத் தெரியலன்னா கண்டிப்பா இருக்கு!” என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். கழுகும் சிரித்தார். சிரித்துவிட்டு, துண்டால் இரண்டு கண்ணையும் ஒற்றிக்கொண்டு, அதே கிளையை இன்னொரு முறை பார்த்தார். முன்பெல்லாம் ஒரு முறைதான் பார்ப்பார். அந்த இரண்டாவது முறை முடிகிற வரைக்கும் கண்ணாடிக்காரர் வாய்க்கால் பக்கம் திரும்பி, பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.